பேரு மறந்து போற வரைக்கும் கிட்ட போங்க: நகரத்துல கலர் அப்ஸ்ட்ராக்ட் போட்டோ எடுக்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு நீலக் கலர் தகர வேலி. கட்டட வேலை நடக்கற எடத்த மறைக்க அடிச்சு வெச்சது. அதுல யாரோ ஒரு ஆரஞ்சு போஸ்டர் ஒட்டி, வேற யாரோ அத கிழிச்சு, மிச்சம் ஒரு உள்ளங்கை அளவு மட்டும் தகர மடிப்புல ஒட்டிக்கிட்டு நிக்குது. மாசக்கணக்கா அந்த வழியா போயிட்டு வந்தவன்தான் நான், ஒரு நாள் கூட திரும்பிப் பாத்ததில்ல. ஒரு சாயங்காலம் வெயில் பக்கவாட்டுல சாஞ்சு அடிச்சப்போ ஒவ்வொரு மடிப்புக்கும் பக்கத்துல ஒரு கருநீலக் கோடு விழுந்து, நடுவுல அந்த ஆரஞ்சு துண்டு மட்டும் பத்திக்கிட்டு எரியற மாதிரி இருந்துச்சு, அப்பதான் நின்னேன். மொத போட்டோவுல வேலி, ரோடு, ஸ்டாண்டு போட்ட பைக், மேல வானம் எல்லாமே இருந்துச்சு, அதனாலயே ஒண்ணுமே இல்ல. கிட்ட போனேன், வானம் போச்சு. இன்னும் கிட்ட போனேன், பைக் போச்சு. பதினோராவது போட்டோவுல நீலம், கருநீலம், ஒரு துண்டு ஆரஞ்சு, அவ்ளோதான். வீட்ல காட்டினப்போ "என்னது இது, துணியா?"ன்னாங்க, ரெண்டு செகண்ட் கழிச்சு "அட, தகரம்!"னாங்க.

அந்த ரெண்டு செகண்டுக்காகத்தான் இவ்ளோ பாடும். கலர் அப்ஸ்ட்ராக்ட்னு நான் சொல்றது இதத்தான்: பாக்கறவங்களுக்கு மொதல்ல கலர் போய்ச் சேரணும், பொருளோட பேரு அப்புறமா மெதுவா வரட்டும். பேரே வரக்கூடாதுன்னு சிலர் சொல்வாங்க, பெயின்ட் உரிஞ்ச எடத்துல மேக்ரோ லென்ஸ வெச்சு ஒரு விரல் நக அளவுக்கு எடுத்து போடுவாங்க, எனக்கு அது ஒத்துவராது. ஊரே இல்லாத போட்டோவ ஊர்ல போய் ஏன் எடுக்கணும்? ஒரு ஆணி, ஒரு ஜன்னல் ஓரம், ஒரு பைப்போட நிழல், ஏதாவது ஒரு துப்பு உள்ள இருக்கட்டும்.

படி 1: கேமராவ பையிலயே வெச்சுட்டு நடங்க

இத யாரும் செய்ய மாட்டாங்கன்னு தெரியும், ஆனாலும் சொல்றேன். ஒரு இருபது நிமிஷம் நடங்க, ஒரே ஒரு கலர மட்டும் தேடுங்க. இன்னிக்கு மஞ்சள்னா மஞ்சள் மட்டும்தான். ரோட்டுக் கோடு, ஹெல்மெட், பைப் மூடி, கேஸ் லைன் போர்டு, வெயில் பட்ட சிமென்ட்டு கூட ஒரு மாதிரி மஞ்சள்தான். பத்து நிமிஷத்துலயே கண்ணு தன்னால மஞ்சள மட்டும் பொறுக்கி எடுக்க ஆரம்பிச்சிடும். மறுநாள் வேற கலர்.

அப்புறம் கண்ண பாதி மூடி சுருக்கிப் பாருங்க, விவரம் எல்லாம் மங்கிப் போய் வெறும் கலர் திட்டுங்க மட்டும் நிக்கும். லென்ஸ்ல மேனுவல் ஃபோகஸ் இருந்தா இதவிட சுலபம், ஃபோகஸ முழுசா கலைச்சு விட்டுட்டு வியூஃபைண்டர்ல ரோட்ட பாருங்க. எது கடை, எது பஸ்ஸுன்னே தெரியாது, சிவப்பு திட்டு எங்க இருக்கு, அது பக்கத்துல என்ன கலர் இருக்கு, அது மட்டும்தான் தெரியும். அந்த மங்கல்லயே ஃப்ரேம் நல்லா இருந்துச்சுன்னா அப்புறம் ஃபோகஸ் பண்ணி எடுங்க.

பக்கத்து கலர்னு சொன்னேன்ல, அதுல ஒரு பழைய கதை இருக்கு. பிரான்ஸ்ல மிஷெல் யூஜீன் ஷெவ்ரல்னு ஒரு வேதியியல்காரர், பாரிஸ்ல கோபெலின் நெசவுக்கூடத்துல சாயப் பிரிவோட தலைவரா இருந்தவர். கருப்பு சாயம் சரியா ஏறலன்னு அவர்கிட்ட புகார் வந்துச்சு. சோதிச்சுப் பாத்தா சாயத்துல ஒரு குறையும் இல்ல, அந்தக் கருப்பு நூல் எந்த கலர் பக்கத்துல நெய்யப்பட்டிருக்கோ அதுதான் கருப்ப வெளிறிப் போன மாதிரி காட்டியிருக்கு. 1839-ல இதப் பத்தி பெரிய புஸ்தகமே போட்டார். நமக்கு இதுல என்ன வேலைன்னா, சுவர் என்ன கலர்ங்கறத விட அது பக்கத்துல என்ன இருக்குங்கறதுதான் முக்கியம். சாதா சாம்பல் சுவர சிவப்புக்கு பக்கத்துல வெச்சா லேசா பச்சை அடிக்கும், அதே சுவர் ஆரஞ்சுக்கு பக்கத்துல நீலமா தெரியும். கால ரெண்டடி நகத்தி, ஃப்ரேம்ல பக்கத்துக் கலர மாத்தினாலே போதும், சுவருக்கு பெயின்டே அடிக்காம கலர் மாத்தின மாதிரி ஆயிடும்.

படி 2: மூணு பேரோட போட்டோவ ஒரு சாயங்காலம் உக்காந்து பாருங்க

சால் லைட்டர், எர்ன்ஸ்ட் ஹாஸ், ஃபிராங்கோ ஃபொன்டானா. லைட்டர் அடிப்படையில ஓவியர், 1946-ல நியூயார்க் வந்து சேந்தவர், தன் வீட்ட சுத்தியிருந்த தெருக்கள்லயே கலர்ல எடுத்துத் தள்ளினார், ஆனா பரவலா பேரு கிடைச்சது என்னவோ 2006-ல புஸ்தகம் வந்ததுக்கு அப்புறம்தான். அவரோட ஃப்ரேம்ல பாதிக்கு மேல கருப்பாவோ, ஆவி படிஞ்ச கண்ணாடியாவோ இருக்கும், ஒரு மூலையில மட்டும் ஒரு சிவப்புக் குடை. தேதி முடிஞ்ச ஃபிலிம்ல வர்ற கலர் மாற்றத்தக் கூட அப்படியே ஏத்துக்கிட்டவர்.

ஹாஸ் எடுத்த நியூயார்க் கலர் படங்கள 1953-ல லைஃப் பத்திரிகை பக்கம் பக்கமா போட்டுச்சு. அப்ப இருந்த கோடாக்ரோம் ஃபிலிமோட ஸ்பீடு, அதாவது வெளிச்சத்த வாங்கற வேகம் (இப்ப ஐஎஸ்ஓம்பாங்க), வெறும் 10, இன்னிக்கு நம்ம கேமரா பெரும்பாலும் 100-லதான் ஆரம்பிக்குதுன்னு நெனச்சுப் பாருங்க. வெளிச்சம் கொறஞ்சா ஷட்டர மெதுவா வெச்சுதான் ஆகணும், அசைவு கலங்கித்தான் வரும், அந்தக் கலங்கலயே அவர் தன் கைவேலையா மாத்திக்கிட்டார். கிழிஞ்ச போஸ்டர்ல மட்டும் எத்தனையோ படம் எடுத்திருக்கார். ஃபொன்டானா இத்தாலி மொதேனா ஊர்க்காரர், 1933-ல பொறந்தவர், சுவர், நிழல், வானம் மூணையும் தட்டையாக்கி காகிதத்துல வெட்டி ஒட்டின மாதிரி ஆக்கிடுவார். மூணு பேரும் மூணு பாதை, உங்களுக்கு எது இழுக்குதுன்னு பாத்துட்டு அந்தப் பக்கமா மொதல்ல போங்க.

படி 3: வெளிச்சம் (இதுல அவசரப்படாதீங்க)

பொதுவா "மதியம் வெயில்ல எடுக்காதீங்க"ம்பாங்க. மனுஷங்கள எடுக்கறப்போ சரி, நமக்கு அது பொருந்தாது. உச்சி வெயில்ல நிழல் கத்தியால வெட்டின மாதிரி விழும், அந்த நிழலையே ஒரு கலர் திட்டா எடுத்துக்கலாம், எக்ஸ்போஷர (படத்துக்குள்ள விடற வெளிச்சத்தோட அளவ) வெயில் பட்ட பக்கத்துக்கு வெச்சா நிழல் கருப்பா ஒறஞ்சுபோய் ஒரு வடிவமாவே ஆயிடும். ஃபொன்டானா மாதிரி படம் வேணும்னா இந்த நேரம்தான்.

மேகமூட்டம் அதுக்கு நேர் எதிர். நிழலே இல்ல, ஒவ்வொரு கலரும் தன் சொந்த நிறத்துலயே நிக்கும், பழைய பெயின்ட், துரு, போஸ்டர் அடுக்கு இதுக்கெல்லாம் இந்த வெளிச்சம்தான் சரி. மழை விட்ட உடனே வெளிய போங்க, குடையோட நின்னு காத்திருந்தாலும் தப்பில்ல. காஞ்ச சுவரோட சொரசொரப்பு வெளிச்சத்த நாலாபக்கமும் செதறடிச்சு கலர் மேல ஒரு வெள்ளைப் பூச்சு மாதிரி போட்டுடும், நனைஞ்சா அந்தப் பூச்சு போயிடும், அதனாலதான் ஈரச் செங்கல் அவ்ளோ கனமான சிவப்பா தெரியுது. ரோட்டுல தேங்கின தண்ணியில எண்ணெய் சிந்தியிருந்தா விட்டுடாதீங்க, அந்த வானவில் கலர் எண்ணெயோட நிறம் இல்ல, படலத்தோட மேல்பக்கமும் அடிப்பக்கமும் திருப்பி அனுப்புற வெளிச்சம் ஒண்ணோட ஒண்ணு மோதறதால வர்றது. நீங்க குனிஞ்சா ஒரு கலர், நிமிந்தா வேற கலர்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சூரியன் மறைஞ்சதுக்கு அப்புறம் வர்ற நீல நேரம், அதாவது சூரியன் தொடுவானத்துக்கு கீழ ஒரு 4-லருந்து 6 டிகிரி எறங்கியிருக்கற கொஞ்ச நேரம். வானம் ஆழமான நீலம், வீட்டுக்குள்ள எரியற பல்பு 2700 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்துக்கு அளவு, எண்ணு கொறஞ்சா மஞ்சள், ஏறினா நீலம்) பக்கம் மஞ்சளா, ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தோட நிக்கும். கால் மணி நேரம் பிந்திப் போனா வானம் கருப்பாயிடும், அந்த நாள் அவ்ளோதான்.

படி 4: சாமான்

சீக்கிரம் முடிச்சிடறேன். எந்த கேமராவும் போதும், மொபைலும் போதும். வைட் லென்ஸ் வேண்டாம், அது ஊர முழுக்க உள்ள இழுத்துட்டு வந்துடும். 85-லருந்து 200 எம்எம் வரைக்கும் ஏதாவது ஒண்ணு இருந்தா தூரத்துல இருக்கற ரெண்டு சுவரயும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டின மாதிரி காட்டலாம். மொபைல்ல 3 மடங்கோ 5 மடங்கோ ஜூம் பண்ற தனி லென்ஸ் இருந்தா அத பயன்படுத்துங்க, ஹெச்டிஆர (நிழலையும் வெளிச்சத்தையும் தானா சமமாக்கற வசதிய) அணைச்சுட முடிஞ்சா அணைச்சிடுங்க, நீங்க கஷ்டப்பட்டு கண்டுபிடிச்ச கருநிழல அது "உதவி" பண்றேன்னு வெளுத்து விட்டுடும்.

ஒரே ஒரு ஃபில்டர் வாங்கணும்னா போலரைசர் வாங்குங்க. இலை, பெயின்ட், ஓடு இதோட மேல இருக்கற பளபளப்ப எடுத்துட்டு அடியில இருக்கற கலர வெளிய கொண்டு வரும், இத மட்டும் எடிட்டிங்ல பண்ணவே முடியாது. நேருக்கு நேர் நின்னு சுத்தினா ஒண்ணும் ஆகாது, கண்ணாடிப் பரப்புலருந்து ஒரு 35 டிகிரி சாய்வுல பாத்தாதான் பிரதிபலிப்பு நல்லா அடங்கும். வெறும் உலோகத்துல வேலை செய்யாது, பெயின்ட் அடிச்ச தகரத்துல செய்யும். ஒன்றரை ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்காகறதோ பாதியாகறதோ) வெளிச்சத்த முழுங்கிடும், அத மறந்துட்டு ஷட்டர் ஸ்பீட பாக்காம எடுத்தா எல்லாம் ஆடிப் போயிடும்.

படி 5: ஃப்ரேம்

இங்கதான் பாதிப் பேர் கோட்ட விடறாங்க. மொத விஷயம், கேமரா சுவருக்கு நேர் இணையா இருக்கணும். லேசா சாஞ்சாலும் கோடுங்க எல்லாம் ஒரு பக்கமா குவிய ஆரம்பிக்கும், உடனே ஆழம் தெரியும், ஆழம் தெரிஞ்சா "ஓ, இது ஒரு கட்டடம்"னு மூளை பேரு சொல்லிடும். நேரா நின்னு, எஃப் 8 (லென்ஸ் துளையோட அளவு) வெச்சு, ஓரத்துலருந்து ஓரம் வரைக்கும் ஷார்ப்பா எடுத்தா தட்டையாயிடும், தட்டையானாதான் அது ஓவியம் மாதிரி நிக்கும்.

ரெண்டாவது, நாலு ஓரத்தையும் ஒரு சுத்து சுத்திப் பாருங்க, ஷட்டர அமுக்கறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு தடவையும். சாதாரண போட்டோவுல மூலையில ஒரு வெள்ளைத் துண்டு எட்டிப் பாத்தா யாரும் கவனிக்க மாட்டாங்க, இங்க கலரத் தவிர வேற எதுவுமே இல்லாததால அந்தத் துண்டுக்கேதான் கண்ணு போகும். வானத்தோட ஒரு சின்ன முக்கோணம் மேல் மூலையில வந்துச்சுன்னா அந்தப் போட்டோ முடிஞ்சுது. எழுத்தும் அப்படித்தான், படிக்கற மாதிரி ஒரு வார்த்தை உள்ள இருந்துச்சுன்னா மூளை படிக்கப் போயிடும், கலர விட்டுடும். பாதி எழுத்து, வெட்டுப்பட்ட எழுத்துன்னா பரவால்ல.

மூணாவது, எத்தனை கலர், எவ்ளோ கலர். ஆரம்பத்துல மூணுக்கு மேல வேண்டாம். அளவு பத்தி ஜெர்மன் கவிஞர் கெதே சொன்னதா ஒரு கணக்கு இருக்கு, பவுஹவுஸ்ங்கற ஜெர்மன் கலைப் பள்ளியில பாடம் எடுத்த யோஹன்னஸ் இட்டன் அத எடுத்து வளர்த்தார்: மஞ்சள் ரொம்ப வெளிச்சமான கலர்ங்கறதால ஒரு பங்கு மஞ்சளுக்கு மூணு பங்கு ஊதா இருந்தாதான் சமமா நிக்கும், ஆரஞ்சுக்கு ரெண்டு பங்கு நீலம், சிவப்பும் பச்சையும் சரிக்கு சரி. இத சட்டமா எடுத்துக்காதீங்க. என் தகர வேலியில ஆரஞ்சு இருவதுல ஒரு பங்கு கூட இல்ல, அந்தக் கணக்குப் படி அது தோத்துருக்கணும், ஆனா அவ்ளோ கொஞ்சமா இருந்ததாலதான் கண்ணு அதயே சுத்திச் சுத்தி வருது. அமைதியா வேணும்னா கணக்குக்கு கிட்ட நில்லுங்க, உறுத்தணும்னா கணக்க மீறுங்க, ஆனா ரெண்டுல எது வேணும்னு முடிவு பண்ணிட்டு பண்ணுங்க.

அந்த உறுத்தற துண்ட எங்க வைக்கறதுன்னு கேட்டா, எனக்கும் தெரியாது. பத்து எடத்துல வெச்சு பத்து படம் எடுக்கறேன், வீட்டுல போய்ப் பாக்கறேன். பெரும்பாலும் ஓரத்துக்கு ரொம்பக் கிட்ட, விழுந்துடுமோன்னு தோணற எடத்துல வெச்சதுதான் ஜெயிக்குது.

படி 6: செட்டிங்க்ஸ், முக்கியமா ஒயிட் பேலன்ஸ்

ரா ஃபைல்ல (கேமரா கை வெக்காத மூல ஃபைல்ல) எடுங்க. ஒயிட் பேலன்ஸ (வெளிச்சத்தோட நிறத்துக்கு ஏத்த மாதிரி கேமரா கலர சரி பண்றத) ஆட்டோவுல விடாதீங்க. ஃப்ரேம் முழுக்க ஒரே மஞ்சள் சுவரா இருந்தா கேமரா அத "யாரோ மஞ்சள் லைட்டு போட்டுட்டாங்க"ன்னு நெனச்சு நீலத்தக் கொட்டி சரி பண்ணப் பாக்கும், உங்க மஞ்சள் செத்துப்போயிடும். டேலைட், 5500 கெல்வின் பக்கம், அங்கயே பூட்டிடுங்க. அப்படிப் பூட்டினா நிழல் பக்கம் நீலமா வரும், பல்பு ஆரஞ்சா வரும், அந்த வித்தியாசம்தான் நமக்கு வேணும்.

எக்ஸ்போஷர்ல வெள்ளை, வெளிர் மஞ்சள் சுவர்னா ஒரு ஸ்டாப் ஏத்துங்க, கருநீலம், கருஞ்சிவப்புன்னா ஒரு ஸ்டாப் எறக்குங்க, கேமரா எல்லாத்தையும் சாம்பலாக்கத்தான் பாக்கும்.

இன்னொண்ணு, இதுல நானே மொத்தமா ஒரு ராத்திரிய தொலைச்சிருக்கேன். சிவப்பு நியான் போர்டோட வெளிச்சம் ஈர ரோட்டுல விழுந்து அசையறத ரெண்டு மணி நேரம் எடுத்தேன், ஹிஸ்டோகிராம் (படத்துல எவ்ளோ வெளிச்சம்னு காட்டுற வரைபடம்) நடுவுல அழகா நின்னுச்சு, வீட்டுக்கு வந்து பெருசாக்கிப் பாத்தா சிவப்பு எல்லாம் விவரமே இல்லாத ஒரே பிளாஸ்டிக் திட்டு. ஏன்னா நான் பாத்தது வெள்ளையா காட்டுற மொத்த ஹிஸ்டோகிராம், அதுல பச்சைக்குத்தான் கனம் அதிகம், சிவப்பு சேனல் மட்டும் தனியா எப்பவோ வரைபடத்தோட வலது ஓரத்துல முட்டி நின்னிருக்கு. மெனுவுல ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம்னு மூணு கலரும் தனித்தனியா காட்டுறது இருக்கும், அத ஆன் பண்ணி வெச்சுட்டு சிவப்பு முட்டாத அளவுக்கு எறக்கி எடுங்க. எல்ஈடி போர்டுன்னா வேற ஒரு தொல்லை, மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஓடற எடத்துல பல லைட்டும் செகண்டுக்கு 100 தடவை துடிக்கும், வேகமான ஷட்டர்ல அது கருப்புப் பட்டையா பதிவாகும், 1/50-க்கு எறக்கினா பெரும்பாலும் போயிடும்.

படி 7: சுவர் அலுத்துப் போச்சுன்னா

கண்ணாடிக்கு போங்க. கண்ணாடிக் கட்டடத்தோட ஒவ்வொரு பலகையும் ஒரு துளி வேற வேற கோணத்துல இருக்கும், அதனால எதிர்ல இருக்கற சிவப்புக் கட்டடம் அதுல நெளிஞ்சு, வெட்டுப்பட்டு, தண்ணியில விழுந்த மாதிரி வரும். ஃபோகஸ கண்ணாடி மேல வைக்காதீங்க, உள்ள தெரியற பிம்பத்து மேல வையுங்க, பிம்பம் கண்ணாடிய விட ரொம்ப தூரத்துல இருக்கற மாதிரிதான் லென்ஸுக்கு கணக்கு. இங்க போலரைசர கழட்டிடுங்க, இல்லன்னா வேணுங்கறதயே அழிச்சிடும்.

கேமராவ ஆட்டி எடுக்கறது அடுத்தது. 1/15-லருந்து 1/4 செகண்ட் வரைக்கும் ஷட்டர வெச்சுட்டு, உயரமான கட்டடம்னா மேலருந்து கீழயும், ஓடற வண்டி வரிசைன்னா பக்கவாட்டுலயும் நகத்துங்க. கை மொதல்ல நகர ஆரம்பிக்கணும், அந்த ஓட்டத்துலயே ஷட்டர அமுக்கணும், சத்தம் நின்னதுக்கு அப்புறமும் கை கொஞ்சம் போகணும், அப்பதான் கோடு வெட்டுப்படாம வரும். பகல் வெயில்ல ஐஎஸ்ஓ 100, எஃப் 16 வெச்சாலும் ஷட்டர் 1/100 பக்கம்தான் வரும், வெளிச்சத்த மட்டும் கொறைக்கற ஒரு 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டா 1/12-க்கு வந்துடும், அது போதும். ஐம்பதுக்கு ஒண்ணு தேறினா நல்ல நாள்.

மல்டிபிள் எக்ஸ்போஷர் (ஒரு படத்து மேலயே இன்னொரு படத்த பதியற வசதி) இருக்கற கேமரான்னா ஆவரேஜ் மோடுல ஆரம்பிங்க, வெளிச்சத்த அதுவே பாத்துக்கும். ஆட் மோடுன்னா ரெண்டு படத்துக்கு ஒவ்வொண்ணையும் ஒரு ஸ்டாப் கொறச்சு, நாலு படத்துக்கு ரெண்டு ஸ்டாப் கொறச்சு எடுக்கணும். முதல் படத்துல கருப்பா இருக்கற எடத்துலதான் ரெண்டாவது படம் தெளிவா எட்டிப் பாக்கும், அதனால மொதல்ல கட்டடத்தோட கருநிழல், அடுத்து கிழிஞ்ச போஸ்டர். மரத்து மேல பூவ பதிச்ச படம் மாதிரி இனிப்பா போகாம பாத்துக்கோங்க.

படி 8: எடிட்டிங்

மொதல்ல கோடு நிமிர்த்துங்க, அப்புறம் க்ராப், கலர் கடைசியில. சாச்சுரேஷன் ஸ்லைடர தொடாதீங்கன்னே சொல்லுவேன், அது எல்லாத்தையும் ஒரே சத்தத்துல கத்த வைக்கும். ஹெச்எஸ்எல் (ஒவ்வொரு கலரையும் தனித்தனியா மாத்தற எடம்) போய் ஒவ்வொரு கலரா, அதுலயும் லூமினன்ஸ (அந்தக் கலரோட வெளிச்சத்த) மொதல்ல. நீலத்தோட லூமினன்ஸ கொஞ்சம் எறக்கினாலே நீலம் கனமாயிடும், பக்கத்துல இருக்கற ஆரஞ்சு தொடாமலேயே ஏறி நிக்கும், ஷெவ்ரல் சொன்னது இங்கயும் வேலை செய்யும்.

நெட்டுல போடறதுன்னா எஸ்ஆர்ஜிபியில (பெரும்பாலான ஸ்கிரீனுக்கு ஒத்துவர்ற கலர் முறையில) சேவ் பண்ணுங்க. பிரிண்ட் போடறதுன்னா சாஃப்ட் ப்ரூஃப் (காகிதத்துல எப்படி வரும்னு ஸ்கிரீன்லயே காட்டுறது) பாத்துடுங்க, ஸ்கிரீன்ல ஜொலிக்கற ஆழமான நீலமும் நியான் ஆரஞ்சும் காகிதத்துல அப்படி வராது, மையால முடியாது. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு ஸ்கிரீன முழு பிரகாசத்துல வெச்சு எடிட் பண்ணி பிரிண்டுக்கு அனுப்பினேன் ஒரு தடவ, வந்தத பாத்தா தகர வேலி நிலாவே இல்லாத ராத்திரியில எடுத்த மாதிரி இருந்துச்சு.

படி 9: எத வெச்சுக்கறது, எத அழிக்கறது

படத்த தலைகீழா திருப்பிப் பாருங்க. ஓவியர் காண்டின்ஸ்கி ஒரு நாள் பொழுது சாயற நேரம் தன் ஸ்டுடியோவுக்குள்ள நுழையறப்போ என்னன்னே சொல்ல முடியாத அழகோட ஒரு ஓவியம் நின்னுச்சாம், கிட்ட போய்ப் பாத்தா அவரு வரைஞ்சதுதான், பக்கவாட்டுல சாச்சு வெச்சிருந்திருக்கு. மறுநாள் பகல்ல பாத்தா அந்த மாயம் இல்ல, உருவங்க எல்லாம் என்னதுன்னு தெரிஞ்சுபோச்சு. உங்க படத்தயும் திருப்புங்க, அப்பவும் நின்னா கலர் தாங்குதுன்னு அர்த்தம், சரிஞ்சா அதுல இருந்த பொருள்தான் இவ்ளோ நேரம் தாங்கியிருக்கு.

அப்புறம் ரெண்டு வாரம் தொடாம விடுங்க. எடுத்த அன்னிக்கு இருக்கற பாசம் கண்ண மறைக்கும். ரெண்டு வாரம் கழிச்சு பாக்கறப்போ நான் பாதிக்கு மேல தூக்கிடுவேன், மிச்சத்த யாராவது ஒருத்தர்கிட்ட ஒண்ணும் சொல்லாம காட்டுவேன். உடனே "ஜன்னல்"னு சொல்லிட்டா வெளிய. கடைசி வரைக்கும் "என்னதுன்னு தெரியல"ன்னு போனை திருப்பிக் குடுத்துட்டாலும் வெளிய.

நடுவுல ஒரு நடைமுறை விஷயம்: வெறும் சுவர இருபது நிமிஷம் படம் எடுக்கறவன பாத்தா செக்யூரிட்டிக்கு சந்தேகம் வரத்தான் செய்யும். ஓடாதீங்க, முறைக்காதீங்க, எடுத்த படத்த ஸ்கிரீன்ல காட்டுங்க. எங்கிட்ட ஒரு தடவ ஒருத்தர் வேகமா வந்தவர், படத்தப் பாத்துட்டு, திரும்பி வேலியப் பாத்துட்டு, மறுபடியும் படத்தப் பாத்துட்டு, "அந்தப் பக்கம் போங்க, பச்சைப் பெயின்ட் டப்பா கொட்டிக் கெடக்கு"ன்னு கைய நீட்டினார். போய்ப் பாத்தேன், சிமென்ட்டு தரையில பாதி காஞ்ச பச்சை, மேல ஒரு சிவப்பு செருப்புத் தடம்.